பொன்விழா மலருக்கு முன் கோப்புகளைத் திறந்து பாருங்கள்

இந்த வருடமும் ஆரம்பித்துவிட்டது. மலர் அச்சுக்குப் போகும் நேரத்தில்தான், "எங்க காலேஜ் வரலாறு கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று கல்லூரிக்காரர்கள் எங்கள் ஆவணக் காப்பகத்தில் வந்து நிற்கிறார்கள். கையில் வெள்ளிவிழா மலரின் ஜெராக்ஸ். தொடக்க ஆண்டு அதில் இரண்டு பக்கங்களில் இரண்டு விதமாக இருக்கிறது. கேட்டால், "மலர்லயே போட்டிருக்கே, தப்பாவா இருக்கும்?"

தப்பாக இருக்கும். மலர் நன்றி சொல்வதற்காகப் போடுவது. நன்கொடையாளர் படம் முழுப் பக்கம் வரும். கட்டடம் போதாது என்று ஆய்வுக் குழு எழுதியது ஒரு வரிகூட வராது. அரசாணை வந்த நாள், பல்கலைக்கழக இணைப்பு கிடைத்த நாள், வகுப்பு தொடங்கிய நாள் எல்லாம் வெவ்வேறாக இருக்கலாம். எழுதியவர் ஞாபகத்தில் இருந்த ஒன்று அச்சேறிவிடும். அடுத்த மலர் அதைப் பார்த்து, இணையதளம் அந்த மலரைப் பார்த்து. நாலு இடத்தில் இருப்பதால் அது நாலு சான்று ஆகிவிடாது ஐயா, எல்லாம் ஒரே ஆளின் ஞாபகம்!

அப்புறம், எல்லாமே காரைக்குடியில் கிடைக்கும் என்ற நினைப்பு. அங்கிருக்கும் அழகப்பா பல்கலைக்கழகமே 1985இல் வந்தது. ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கக் கல்லூரிகளின் அதற்கு முந்தைய இணைப்புக் கோப்புகளை மதுரைப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். அதுவும் 1966இல் தொடங்கியதுதான். காமராசர் பெயர் சேர்ந்தது 1978இல். அதற்கும் முன்பு என்றால் சென்னைப் பல்கலைக்கழகம். மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய தாள்களைப் பல்கலைக்கழகத்தில் தேடுகிறவர்களும் உண்டு. அது 1947இல் மத்திய அரசு தொடங்கியது.

பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டின் தீர்மானத்தோடு நின்றுவிடாதீர்கள். அதில் 'ஏற்கப்பட்டது' என்று ஒரே வரிதான் இருக்கும். ஏன், யார் கேட்டது, எவ்வளவு பணம் என்பதெல்லாம் நிகழ்ச்சி நிரலின் பின்னிணைப்பில் கிடக்கும். கோப்பு எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பென்சிலால். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். நம் உப்புக் காற்றில் குண்டூசி துருப்பிடித்து, தாளில் பழுப்பாக ஓட்டை விழுந்திருக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். எங்களைக் கூப்பிடுங்கள்.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒன்று. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் ஆய்வு வருகிறது என்று பதிவறையை ஒழித்து, பழைய வருகைப் பதிவேட்டையும் கடிதக் கட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இடம் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே வந்து பார்த்துப் பிரித்துத் தருகிறோம்.