சோற்றைக் குறைக்கலாம், ராத்திரி ஊசியைக் குறைக்காதீர்கள்

போன வருஷம் ஒரு கல்லூரி மாணவரை அவருடைய அம்மா கைத்தாங்கலாக என்னிடம் அழைத்து வந்தார். முந்தைய நாளிலிருந்து வாந்தி, வயிற்றுவலி. வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். வீட்டு மீட்டரில் சுகர் 190 தான் காட்டியது, அதனால் யாரும் பயப்படவில்லை. எனக்குப் பயம் வந்தது அந்தப் பையனின் மூச்சைப் பார்த்து: மாடிப்படி ஏறி வந்தவர் போல ஆழமாக, வேகமாக இழுத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் போனால் பழம் அழுகிய வாடை. கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி, இரத்தமே அமிலமாகியிருந்தது. நேராக ஐ.சி.யூ.

11 வயதிலிருந்து அவருக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது கணையத்தில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும் வகை. மூன்று வாரமாகச் சோறு, இட்லி எதுவும் இல்லை. காலையில் நூறு பாதாம், மதியம் முட்டை, ராத்திரி பனீரும் கீரையும். சுகர் இறங்கியதும் சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஊசியை விட்டிருக்கிறார், அப்புறம் "மாவே சாப்பிடலையே" என்று ராத்திரி ஊசியையும் பாதியாக்கிவிட்டார்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலின் சாப்பாட்டுக்கானது இல்லை. நாம் பட்டினி கிடந்தாலும் ஈரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும், உடம்புக் கொழுப்பும் கரைந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் கடிவாளம் இன்சுலின்தான். அது போதாவிட்டால் சுகர் அதிகம் ஏறாமலேயே கீட்டோன் குவியலாம். பேலியோவில் (இப்படி மாவை ஒதுக்கிக் கொழுப்பைக் கூட்டும் சாப்பாட்டு முறை) ஊசியையே விட்டேன் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டைப் 2. அவர்கள் கணையத்தில் இன்னும் கொஞ்சம் இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் வருவதற்கு முன்பு டைப் 1 குழந்தைகளுக்கு மாவுச்சத்தை அறவே குறைத்துப் பட்டினி வைத்தியம்தான் செய்தார்கள், அதில் சாவு தள்ளிப்போனதே தவிர யாருக்கும் குணமாகவில்லை. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்ட பிறகுதான் அந்தக் கதை மாறியது.

மாவைக் குறைப்பதற்கு நான் எதிரி இல்லை. ஒரு இட்லியில் ஏறக்குறைய 12 முதல் 15 கிராம் மாவுச்சத்து, நாலு இட்லிக்கு டோஸ் கணக்குப் போடுவதைவிட இரண்டு இட்லிக்குப் போட்டால் தப்பும் சிறிதாகத்தான் இருக்கும். கூட ஒரு முட்டையோ சுண்டலோ வையுங்கள். (கேழ்வரகு என்றால் கணக்கே வேண்டாம் என்று நினைக்காதீர்கள், அதன் மாவுச்சத்து அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம்.) சோறு இல்லாமல் சிக்கனோ பனீரோ நிறையச் சாப்பிட்டால் மூன்று நான்கு மணி நேரம் கழித்து சுகர் ஏறும், அதற்கும் ஊசி தேவைப்படலாம். எம்பாகிளிஃப்ளோசின் போல சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை போடுகிறவர்கள் மாவைக் குறைத்தால் கீட்டோன் ஆபத்து இன்னும் கூடும். வளரும் பிள்ளைகளுக்கு மாவைக் குறைப்பதை நீங்களாக ஆரம்பிக்கவே வேண்டாம்.

சுகர் 70க்குக் கீழே போனால் பாதாம் உதவாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

அந்தப் பையன் இப்போது காலையில் இரண்டு இட்லி சாப்பிடுகிறார், ராத்திரி ஊசி முழு அளவு. போன மாதம் காய்ச்சலோடு வாந்தி வந்தபோது சுகர் 170 தான். ஆனாலும் கீட்டோன் ஸ்ட்ரிப்பில் பார்த்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். மறுநாள் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.