இறந்தவரின் கணக்கு: வங்கி ஏன் இழுத்தடிக்கிறது?

வங்கியில் கிடப்பது நம் பணம் என்றுதான் நினைக்கிறோம். சட்டப்படி அது வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். 1848இல் ஃபோலி - ஹில் வழக்கில் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்னது இது. ஆங்கிலேயச் சட்டம் வேரூன்றிய நாடுகளில் இன்றும் இதுதான் அடிப்படை. கணக்கு வைத்திருந்தவர் இறந்தாலும் கடன் மறைவதில்லை. கடனைக் கேட்டு வாங்கவேண்டிய ஆள்தான் இல்லை. வங்கியின் கவலையெல்லாம் இதுதான்: யாரிடம் கொடுத்தால் இந்தக் கடன் தீரும்? ஆள் மாறிக் கொடுத்துவிட்டால், உரிய வாரிசு வந்து நிற்கும்போது இன்னொரு தடவை கொடுக்க நேரலாம்.

அதனால் இறப்புச் செய்தி வந்ததும் தனி நபர் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை வங்கி நிறுத்திவிடும். இறந்தவர் எழுதிக்கொடுத்த பவர் பத்திரமும் அவரோடு முடிந்துவிடும். காசோலை விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. பிரிட்டனின் 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்குப் பணம் தரும் அதிகாரம் முடிவது இறப்பால் அல்ல, இறந்த தகவல் வங்கிக்குக் கிடைப்பதால். அமெரிக்காவில் தகவல் தெரிந்த பிறகும், இறந்த நாளிலிருந்து 10 நாள் வரை பழைய காசோலைகளுக்கு வங்கி பணம் தரலாம். தகவல் போவதற்குள் ஏடிஎம் அட்டையில் யாராவது பணம் எடுத்தால் இயந்திரம் கொடுத்துவிடும்தான். அதற்காக எடுத்தவருக்கு உரிமை வந்துவிடாது. மற்ற வாரிசுகள் பின்னால் கணக்குக் கேட்கலாம்.

'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற வகைக் கூட்டுக் கணக்கில் இந்தச் சிக்கல் குறைவு. யாரிடம் கொடுப்பது என்பது முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

அப்புறம் நாமினி. நிறையக் குடும்பச் சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன. நாமினி என்றால் பணத்துக்குச் சொந்தக்காரர் என்று பலர் நம்புகிறார்கள். இந்தியாவில் அப்படி இல்லை. நாமினியிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீர்கிறது, அவ்வளவுதான். அவருக்குக் கிடைப்பது பணத்தைப் பெறும் உரிமை, உடைமை அல்ல என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வாங்கிய பணம் உயில்படியோ வாரிசுரிமைச் சட்டப்படியோ உரியவர்களுக்குப் போகவேண்டும். அவர்கள் சண்டை போடவேண்டியது நாமினியிடம், வங்கி விலகிக்கொள்ளும். என்னைக் கேட்டால், இந்த ஏற்பாடு குடும்பத்தைவிட வங்கிக்குத்தான் அதிகம் உதவுகிறது. அமெரிக்காவில் கணக்கிலேயே 'இறந்தபின் இவருக்கு' என்று பெயர் எழுதியிருந்தால், பொதுவாக அவரே உரிமையாளர் ஆகிவிடுவார். இந்தியாவில் 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்து எழுதலாம்.

நாமினியும் இல்லை, கூட்டுக் கணக்கும் இல்லை என்றால்தான் அலைச்சல். தொகை சிறியதென்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், 'பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் நான் பொறுப்பு' என்ற உறுதிப் பத்திரம் ஆகியவற்றோடு முடிந்துவிடும். வங்கி தன் பயத்தை உங்கள் தலைக்கு மாற்றும் காகிதம் அந்தக் கடைசிப் பத்திரம். தொகை பெரிது, அல்லது தகராறு இருக்கிறது என்றால் நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கலாம். தேவையான காகிதங்கள் எல்லாம் வந்த 15 நாளுக்குள் வங்கி முடித்துத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி; தாமதித்தால் வட்டியோடு ஈடு செய்யவேண்டும்.

யாருமே கேட்காமல் 10 ஆண்டு கிடந்தால், இந்தியாவில் அந்தப் பணம் ரிசர்வ் வங்கி நடத்தும் தனி நிதிக்குப் போகும். போனாலும் உரிமை போகாது. 'உத்கம்' என்ற இணையதளத்தில் பெயர் கொடுத்துத் தேடலாம். ஆனால் பணம் கேட்கப் பழைய வங்கிக்குத்தான் போகவேண்டும். அது கொடுத்துவிட்டு நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும்.