ஐ.நா.வில் ஓட்டுப் போட்டோம், கோட்டாட்சியர் அலுவலகத்தில்?

ஆகஸ்ட் 9 வந்தால் உலகப் பழங்குடிகள் நாள் வாழ்த்துகள் வாட்ஸ்அப்பில் குவியும். நல்லதுதான். ஆனால் சென்னையில் வழக்கறிஞராக இருந்துகொண்டு, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து இருளர் பழங்குடிக் குடும்பங்களின் சாதிச் சான்றிதழ் வழக்குகளையும் பார்க்கிற எனக்கு அந்த நாளில் கொஞ்சம் எரிச்சலும் வரும்.

2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. 144 நாடுகள் ஆதரவு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எதிர்ப்பு (பிறகு மனம் மாறின). இந்தியா ஆதரித்தது, ஆனால் விடுதலைக்குப் பிறகு இந்தியர் எல்லாருமே இந்த மண்ணின் பூர்வகுடிகள்தான் என்ற நிலைப்பாட்டோடு. ஓட்டும் போட்டாச்சு, நழுவியும் ஆச்சு. தவிர, பிரகடனம் ஒப்பந்தம் இல்லை. அதை மட்டும் நம்பி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் நிற்காது. நாம் ஏற்று உறுதிசெய்தது, பழங்குடிகள் பற்றி 1957இல் வந்த ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கை 107. அதற்குப் பதிலாக 1989இல் வந்த 169இல் இன்னும் சேரவில்லை. ஆனாலும் 2013இல் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் சுரங்கம் தோண்டுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 107ஐ எடுத்துப் பேசியது, கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது, 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பிரகடனத்தின் 33ஆம் பிரிவு, தங்கள் அடையாளத்தைத் தங்கள் வழக்கப்படி தீர்மானிக்கும் உரிமை அந்த மக்களுக்கே என்கிறது. இங்கே யார் பழங்குடி என்ற பட்டியலை முடிவு செய்வது டெல்லி, பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பது கோட்டாட்சியர். விசாரணையில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "இருளர்னு சொல்றியே, பாம்பு பிடிக்கத் தெரியுமா?" பிளஸ் டூ முடித்த பொண்ணு, அப்பா செங்கல் சூளையில் வேலை, மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனைக் கும்பிடப் போகிறவள், என்ன பதில் சொல்வாள்? 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு பாம்புத் தொழிலே முடங்கிப்போனது; வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்து ஆட்கள் மட்டும் அனுமதியோடு விஷம் எடுக்கப் பிடிக்கிறார்கள். தடுத்ததும் அரசு, தெரியுமா என்று கேட்பதும் அரசு.

இந்த மாதிரிக் கேள்விகளை வைத்து மட்டும் ஒருவர் கோரிக்கையைத் தள்ள முடியாது. சடங்கு, தொழில், பழக்கவழக்கம் ஒத்துப்போகிறதா என்ற சோதனை முடிவான உரைகல் அல்ல என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே அப்பா, அண்ணன், அத்தை என்று ரத்த உறவில் யாருக்குச் சான்றிதழ் இருந்தாலும் நகலை இணையுங்கள், பழைய பள்ளிப் பதிவேடு கிடைத்தால் இன்னும் பலம். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அது இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போவது கஷ்டம். "அடுத்த மாசம் வாம்மா" என்று வாய்வார்த்தையில் அனுப்பினால் அன்றைக்கே தபாலில் ஒரு மனு போட்டு ரசீதை எடுத்து வையுங்கள். தாமதம் பற்றி நீதிமன்றம் கேட்கும்போது அந்த ரசீதுதான் முதலில் வேலைக்கு ஆகும்.