செயினில் எண்ணெய் சேர வேண்டிய இடம்

மோட்டார் சைக்கிள் செயினில் எண்ணெய் எங்கே தேவைப்படுகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் வெளியே தெரியும் தகடுகளையும் ஸ்ப்ராக்கெட் என்னும் சக்கரத்தின் பற்களையும்தான் காட்டுவார்கள். உண்மையில் அது தேவைப்படும் இடம் கண்ணில் படுவதே இல்லை. 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு காப்புரிமை பெற்ற உருளைச் சங்கிலியின் அமைப்பே இன்றும் நம் வண்டிகளில் ஓடுகிறது: நடுவே ஒரு பின் (சிறு தண்டு), அதைச் சூழ்ந்து ஒரு புஷ் (சிறு குழாய்), புஷ்ஷின் மேல் தடையின்றிச் சுழலும் உருளை. இழுவிசை முழுவதையும் தாங்குவது பின்னும் புஷ்ஷும் உரசும் அந்த மெல்லிய இடைவெளிதான்.

அங்கே உராய்வைக் குறைப்பது எளிதன்று. என்ஜினுக்குள் வேகமாகச் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்னும் தண்டு, எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று தன்னைத் தாங்கும் படலத்தைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. செயினின் பின்னோ ஒருபோதும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. 14 பற்கள் கொண்ட முன் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது ஏறக்குறைய 26 பாகை மடங்கி, இறங்கும்போது அதே அளவு நிமிர்கிறது. 42 பற்கள் கொண்ட பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டில் அது 9 பாகையைக்கூட எட்டாது. இவ்வளவு சிறிய அசைவில் தடித்த படலம் உருவாகாது என்பதால், கடும் அழுத்தத்திலும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்கள் கலந்த 90 எண் கியர் ஆயிலோ செயின் லூப் எனப்படும் செயினுக்கான எண்ணெயோ தேவைப்படுகிறது.

எண்ணெய் வற்றினால் பின்னும் புஷ்ஷும் தேயும். ‘செயின் நீண்டுவிட்டது’ என்று நாம் சொல்வது இந்தத் தேய்மானத்தைத்தான். தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. மூட்டுக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலும், நூறு மூட்டுகளில் அது 10 மில்லிமீட்டராகிவிடும். வியப்பான ஒன்று, இந்த நீட்சி எல்லாக் கண்ணிகளிலும் சமமாகப் பரவுவதில்லை. உள் தகடுகளோடு இறுகப் பொருத்தப்பட்ட இரு புஷ்களுக்கு இடையேயான தூரம் மாறாமலே இருக்க, அடுத்துள்ள வெளிக் கண்ணியின் தூரம் மட்டும் கூடுகிறது. அதனால் உருளைகள் பற்களின் அடியில் சரியாக அமராமல் மேலேறி உட்கார்ந்து, பற்களைக் கொக்கிபோல வளையத் தேய்க்கின்றன.

தேய்மானத்தை விரைவுபடுத்துவது மணல். அதிலுள்ள குவார்ட்ஸ், கடினமாக்கப்பட்ட எஃகைவிடவும் கடினமானது. செயினின் மேல் கிரீஸை அப்புவது நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் அது மூட்டுக்குள் புகாமல் வெளியே நின்று மணலைப் பிடித்துவைத்து, உலோகத்தை அராவும் பசையாகவே மாறுகிறது. என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலும் வேண்டாம்; உலோகத் துகள்களும் எரிந்த கசடும் அதில் இருக்கின்றன.

எனவே முதலில் சுத்தம் செய்ய வேண்டும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும். என்ஜின் ஓடும்போது செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே சிக்கும் விரல் துண்டாகிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த நைலான் பிரஷ் போதும். ஓ-ரிங் செயினில் கிரீஸ் தொழிற்சாலையிலேயே பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே அடைக்கப்பட்டு, ரப்பர் வளையங்களால் காக்கப்படுகிறது. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த வளையங்களைக் கெடுக்கும்; அழுத்தமான நீர்ப்பீச்சு அவற்றைத் தாண்டி உள்ளே நீரைச் செலுத்திவிடும். அத்தகைய செயினுக்கு நாம் இடும் எண்ணெய் உருளைகளுக்கும், வளையங்கள் காயாமல் இருப்பதற்கும், துருவைத் தடுப்பதற்குமே பயன்படுகிறது.

மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பிறகே எண்ணெய் இட வேண்டும். இல்லையெனில் அது எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். கீழ்ப்பக்கச் செயினின் உள்முகத்தில், உள் தகடும் வெளித் தகடும் சந்திக்கும் விளிம்பில், இருபுறமும் சொட்டுச் சொட்டாக இடுவதே முறை. மூட்டுக்குள் செல்லும் வழி அந்த விளிம்புதான். செயின் வளைந்து ஓடும்போது எண்ணெய் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதால், உள்முகத்தில் இட்டது மூட்டுகளின் ஊடே பரவுகிறது. சற்று ஓட்டிவந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கையில் இட்டால் எண்ணெய் இளகி எளிதில் புகும். ஸ்பிரே வகையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்வரை வண்டியை நிறுத்திவைத்து, மிகுதியைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஓ-ரிங் இல்லாத செயினில் தகடுகளின் விளிம்பில் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால், அந்த மூட்டு உள்ளே வறண்டு தேய்கிறது என்று பொருள். எண்ணெய் இட்டபின்னும் அது மடங்க மறுத்தால் செயினை மாற்ற வேண்டியதுதான். அப்போது இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனெனில் கொக்கியாக வளைந்த பழைய பற்கள் புதிய செயினையும் விரைவில் தேய்த்துவிடும்.