பேயிடம் வாக்குமூலம் வாங்காதீர்கள்

போன வாரமும் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். பிரசவமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தூக்கம் இல்லை, தனியாகப் பேசுகிறாள், பிள்ளையைத் தொட மறுக்கிறாள். மிளகாய்ப் புகை போட்டதில் கண் வீங்கியிருந்தது, உள்ளங்கையில் சூடம் கொளுத்திய புண். "ரப்பர் தோட்டத்துல கொன்னு போட்ட பொம்பளப் பிள்ளையாக்கும் இவ மேல ஏறியிருக்கு, டாக்டர்" என்றார் மாமியார். அவருடைய பாட்டி காலத்துக் கொலை அது. யார் செய்தது என்று இன்றுவரை துப்பு இல்லை.

கொலையுண்டவர்களைக் கும்பிடுவது நம் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. கள்ளியங்காட்டு நீலியில் தொடங்கி எத்தனையோ கதைகளைக் கோயில் கொடை விழாக்களில் வில்லடித்துப் பாடுகிறோம். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை, நானும் கொடைக்கு வரி கொடுப்பவன்தான்.

எரிச்சலூட்டுவது வேறு. அவள் அந்தக் கொலையைப் பற்றிப் பேசிவிட்டாளாம், வீட்டார் கேட்கிறார்கள்: "வெளியூர்ல இருந்து வந்த மருமகளுக்கு அந்தக் கொலை எப்படித் தெரியும்? பேய் சொல்லாம?" எப்படியா? கல்யாணமாகி வந்த நாள் முதல் நீங்களே சொல்லிச் சொல்லித்தான். கரண்ட் போனால் அந்தக் கதை. மாசமாக இருந்தபோது, விளக்கு வைத்த பிறகு அந்தத் தோட்டப் பக்கம் போகாதே என்று மறுபடியும் அதே கதை. கிணற்றங்கரை, சிவப்புச் சேலை, வெட்டுக்கத்தி எல்லாம் உங்கள் வாயிலிருந்து அவள் காதுக்குப் போனவை. ஊருக்குத் தெரியாத ஒரு விவரத்தையாவது அந்தப் பேய் சொன்னதா? இல்லை. கொலைகாரன் பெயரோ? பிரம்பை ஓங்கிக்கொண்டு "அவனா, இவனா?" என்று மந்திரவாதி கேட்க, ஒரு பெயருக்கு அவள் தலையாட்டியிருக்கிறாள். அது யாரென்று பார்த்தால், இவர்களோடு வரப்புத் தகராறு உள்ள பக்கத்து வீட்டுக்காரரின் தாத்தா! போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையே கோர்ட் ஏற்காது. பிரம்படிக்குப் பயந்து ஆட்டிய தலையை நம்பி ஒரு குடும்பத்தையே ஊர் ஒதுக்கி வைத்திருக்கிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் தூக்கம் கெட்டு, பேச்சும் நடத்தையும் மாறினால் அன்றைக்கே மருத்துவமனை. தாயையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள். நல்ல மருந்து இருக்கிறது, பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். காய்ச்சலோடு பிதற்றினால் மூளைக் காய்ச்சலாக இருக்கலாம், தகடு கட்டுகிற நேரத்தில் உயிர் போய்விடும். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108.

சங்கிலி மட்டும் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் பிடித்த தீயில், கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியில் பிணைப்பது குற்றம்.

நேர்ச்சை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், மாத்திரையை நிறுத்தாமல். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடியுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.