சர்க்கரை ஆலைக் கழிவுநீர்: பாக்டீரியாவுக்கு யூரியா போட்டீர்களா?

கடலூர் மாவட்டத்தில் கரும்பு அரவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கும். சுத்திகரிப்பு நிலையம் அதற்கு ஒரு மாதம் முன்பே ஓடத் தொடங்க வேண்டும். ஏரேஷன் (காற்றூட்டும்) தொட்டியில் சாணிக் கரைசலும் கொஞ்சம் மொலாசஸும் (கரும்புக் கழிவுப்பாகு) ஊற்றி, கழிவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்க அவ்வளவு நாள் பிடிக்கும். அரவையன்று மோட்டாரைப் போட்டால் முதல் சில வாரத் தண்ணீர் அரைகுறையாகத்தான் வெளியேறும்.

அடுத்தது சத்துக் குறைபாடு. ஆலைக் கழிவுநீரில் சர்க்கரை தாராளம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் சொற்பம். பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 100 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 வேண்டும். நாளுக்கு 300 கனமீட்டர் தண்ணீர், ஏரேஷனுக்குள் நுழையும்போது பி.ஓ.டி. லிட்டருக்கு 1000 மி.கி. என்றால் மொத்தச் சுமை 300 கிலோ. அதற்கு பாஸ்பரஸும் கொஞ்சம் நைட்ரஜனும் தரும் டி.ஏ.பி. உரம் 15 கிலோ, மீதி நைட்ரஜனுக்கு யூரியா சுமார் 27 கிலோ. மூட்டையை மொத்தமாகக் கொட்டாமல் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

போடாவிட்டால் இழை வகை பாக்டீரியா பெருகி, பாக்டீரியாச் சேறு படியாமல் கிளாரிஃபயரில் (சேற்றைப் படியவைக்கும் தொட்டி) மிதந்து வழியும். ஏரேஷன் நீரை ஒரு லிட்டர் உருளையில் 30 நிமிடம் வையுங்கள். சேறு 800 மி.லி.க்கு மேல் நின்றால் சந்தேகம் வரவேண்டும். அப்போது பலர் காற்றை மட்டும் கூட்டுகிறார்கள், மின்கட்டணம்தான் கூடும். ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி. இருந்தால் போதும், உரக்கணக்கைப் பாருங்கள்.

உண்மையில் பாதிச் சுத்திகரிப்பு ஆலைக்குள்ளேயே முடிய வேண்டும். ஒரு கிலோ சர்க்கரை முழுதாகச் சிதைய சுமார் 1.1 கிலோ ஆக்சிஜன் தேவை. சர்க்கரைப் பாகு காய்ச்சும் வேக்குவம் பேன் பொங்கினாலோ மொலாசஸ் பம்ப் ஒழுகினாலோ, அந்தச் சுமை முழுவதும் தொட்டியின் தலையில் விழும். சாக்கடையில் தேங்கினால் சில மணி நேரத்தில் புளித்து பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) சரியும். சாற்றைச் சுண்ட வைக்கும் எவாபரேட்டரைக் கழுவிய காஸ்டிக் சோடா நீரோ பி.எச்.சை எதிர்த்திசையில் ஏற்றும். அதற்குத் தனித் தொட்டி வைத்து, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். மில் பேரிங் கிரீஸை முன்னாலேயே வழித்தெடுக்காவிட்டால் அது சேற்றில் ஒட்டிக்கொள்ளும்.

மழை விடாத வாரத்தில் எந்த விவசாயியும் சுத்திகரித்த நீரை வயலுக்குக் கேட்க மாட்டார். விதிப்படி 15 நாள் நீரைத் தேக்க இடம் வேண்டும்: நம் கணக்குக்கு 4500 கனமீட்டர். மழைநீர் வடிகால் அந்தக் குளத்தில் சேர்ந்தால் கொள்ளளவு காகிதத்தில்தான் இருக்கும்.