புல் விதைத்த தரையில் மாட்டுப் பட்டியை எப்போது விடலாம்?

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியாப் பக்கம் மேய்ச்சல் தரையை மீட்பது பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை கிலோ விதை தருவீங்கள்?" கிலோக் கணக்கை நம்ப வேண்டாம். நெல்லைப் போல புல் ஒரே சீராக முற்றாது. முற்றிய மணி கொட்டிவிடும், அறுப்பவர் கையில் பதர்தான் மிஞ்சும். கொஞ்சம் எடுத்து நகத்தால் நசுக்கிப் பாருங்கள். கடினமாகத் தட்டுப்பட்டால் உள்ளே மணி இருக்கிறது. பிறகு 100 விதையை ஈரத்துணியில் பரப்பி இரண்டு வாரம் வையுங்கள். புதிதாக அறுத்த விதை முளைக்கவில்லையென்று வீசிவிடாதீர்கள். பல புல்லினங்களின் விதை சில மாதம் உறங்கித்தான் எழும்பும். தீவனத்துக்கென்று வந்த கினியாப் புல்லை மட்டும் இயற்கைத் தரையில் தூவாதீர்கள், மற்றப் புல்லை அது எழும்ப விடாது.

ஒக்டோபரில் பின்னேரம் ஓர் இடிமழை கொட்டியதும் விதைக்க ஓடுகிறார்கள். நாலாம் நாள் பச்சை தெரியும். அடுத்த கிழமை வெயில் எறித்தால் எல்லாம் சருகு. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது: முளைத்த புல் முதலில் நூல் போன்ற ஒற்றை வேரில்தான் நிற்கிறது. தண்டின் அடியிலிருந்து அடுத்த வேர்கள் இறங்க மேல்மண் சில நாளாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஈரம் கிடைக்காத முளை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் தப்பாது. ஆகவே மாரி பிடிக்கும் வரை பொறுங்கள். மண்ணைக் கீறித் தூவி, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் புதைக்காமல், மாட்டை ஒரு தடவை அதன் மேல் ஓட்டிவிட்டால் விதை மண்ணோடு ஒட்டும். மகாவலிக் கரை வில்லுகளில், அதாவது ஆற்று வெள்ளம் தேங்கி வடியும் பள்ள நிலங்களில், கணக்கு வேறு. அங்கே வெள்ளம் வடியும்போதுதான் புல் எழும்பும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். மாரி மழையை நம்பிச் செய்யும் பெரும்போக நெல் வேளாண்மை தொடங்கியதும் வயலிலிருந்து பட்டிகளை வெளியேற்றுவது நம் ஊர் வழக்கம். அவை போகிற இடம் நாம் விதைத்த அதே தரை! பட்டிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு வேறு இடமில்லை. முழுத் தரையையும் விதைக்காமல் ஒரு துண்டை மட்டும் அடைத்து, மற்றதை மேய விடுவதே நடக்கிற காரியம். எந்தத் துண்டு என்பதை விதைக்க முதல் அவர்களோடு இருந்து பேசி முடிவெடுங்கள். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து மாடுகள் அரிதாளுக்குத் திரும்பும் வரை வேலி நின்றால் பெரிய கண்டம் கழிந்தது.

அதன் பிறகும் திறக்க முதல், மாடு கடித்து இழுப்பதுபோல் ஒரு பிடி புல்லைக் கையால் இழுத்துப் பாருங்கள். இலை அறுந்தால் விடலாம். வேரோடு வந்தால் வேலி இருக்கட்டும்.

டிசம்பரில் எடுத்த பச்சைப் படத்தை அறிக்கையில் ஒட்டி, வேலை முடிந்தது என்பவர்களிடம் வரண்ட கச்சான் காற்று அடித்து ஓய்ந்தபின் எடுத்த படத்தையும் கேளுங்கள்.